பாதிச் சொம்புத் தண்ணீர்

பிரகதீஸ்வரிக்குத் தன் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. அப்பா கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது, நீளமாக வைத்துவிட்டார். பாபநாசத்துக்குத் தெற்கே அவள் வாழ்க்கைப்பட்ட ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எல்லாருக்கும் ஈஸ்வரிதான். முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக அவள் எழுதியது இதுவரை மூன்று இடத்தில். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒரு தரம், பேங்கில் ஒரு தரம். மூன்றாவது, தஞ்சாவூர் கோர்ட்டில்.

அவள் கணவர் கோவிந்தராசுவுக்கு இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக நிலம். வீட்டு வாசலில் நின்றால் ரோடு, ரோட்டைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி அவர்கள் வயல். குடிக்கிறவர் இல்லை. கை நீட்டுகிறவர் இல்லை. முப்பது வருஷத்தில் அவளை ஒரு வார்த்தை கூசும்படி பேசியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு நடந்ததைக் கேட்கிறவர்கள் அவரைக் கொடியவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன சம்பாவில் எலி அடங்கவில்லை. கதிர் வெளியே வருகிற நேரம் பார்த்துத் தூரோடு கடித்துப் போட்டது. பக்கத்து வயல்காரர், வீரையன் என்பவனைக் கூப்பிட்டு எலிக்குக் கிட்டி வைக்கச் சொன்னார். வீரையன் நான்கு ஊருக்குக் கிட்டி வைக்கிறவன். மூங்கிலை வளைத்து நாண் கட்டி, சாயங்காலம் வரப்போரம் நூறு நூற்றைம்பது குத்தி வைப்பான். விடிந்ததும் எடுத்துக்கொண்டு போவான். கிட்டியில் மாட்டிய எலி சில சமயம் சாகாமல் கிட்டியையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் ஓடிவிடும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வீரையன் விடமாட்டான். வரப்பு தாண்டி இறங்கித் தேடுவான். யாருடைய வயலாக இருந்தாலும் அவனை யாரும் கேட்பதில்லை.

கோவிந்தராசுவும் வீரையனைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் மோட்டார் கொட்டகையிலிருந்து கட்டுக்கம்பியை இழுத்து வயலைச் சுற்றிவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கரண்டைக் கொடுப்பது, ஆள் நடமாட்டம் தொடங்குமுன் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று நான்கு நாள் யாருக்கும் தெரியாமல் நடந்தது. வீட்டில் அவளுக்குக்கூடத் தெரியாது.

ஐந்தாம் நாள் வீரையனுக்கு ஒரத்தநாட்டில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்தது. விடியட்டும் என்று இருக்காமல் இருட்டிலேயே கிட்டி எடுக்க வந்தான். ஒன்று குறைந்தது.

மார்கழி மாதம். ஈஸ்வரி நான்கரைக்கு எழுந்து குளித்து, சாணி தெளித்து, வாசல் பல்பு வெளிச்சத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். அந்த மாதம் முழுக்க அம்மனுக்கு முதல் விளக்கு ஏற்றுவது அவள்தான், கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. பக்கத்தில் பித்தளைச் சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். ரோட்டுப் பக்கமிருந்து கோவிந்தராசு ஓடிவந்தார். முழங்கால் வரை சேறு. சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போகிற ஆம்பிளையை எங்கே என்று யாராவது கேட்பார்களா? அவளும் கேட்கவில்லை. வயிற்றுக்கு என்னவோ என்று நினைத்தாள்.

கோலத்துக்குக் காவி கட்டி முடிக்கும்போது திரும்பி வந்தார். தோளில் கம்பிச் சுருள். கையில் சொம்பு, பாதித் தண்ணீரோடு. சொம்பை அவள் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கம்பியைக் கொல்லையில் தவிட்டு டிரம்முக்குப் பின்னால் போட்டார். அப்புறம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, தான் கம்பி வைத்ததைச் சொன்னார். வீரையன் மிதித்துவிட்டான் என்றும், போய்ப் பார்க்கும்போது போயிட்டான் என்றும் சொன்னார். அன்றைக்கு அம்மனுக்கு முதல் விளக்கை வேறு யாரோ ஏற்றினார்கள்.

விடிந்து பக்கத்து வயல்காரர் சத்தம் போட, ஊர் கூடியது. மத்தியானத்துக்குள் போலீஸ் வந்தது. ஈஸ்வரியை ஒரு பெண் போலீஸ் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள். பொய் சொல்லிப் பழகாத வாய். கம்பியோடு வந்ததைப் பார்த்தேன், அவர்தான் வைத்ததாகச் சொன்னார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொம்பைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. கோவிந்தராசுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். அவள் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சென்னையில் இருக்கும் மகள்தான் போனில் அழுதாள். உன்னை யாரும்மா வாயைத் திறக்கச் சொன்னது என்றாள்.

பாபநாசத்து வக்கீல் முகுந்த் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். இருவரையும் எதிரே உட்காரவைத்து விளக்கினார்.

"அம்மா, சாட்சி லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. வரச் சொல்வாங்க, போய்த்தான் ஆகணும். ஆனா ஐயா உங்ககிட்ட வாயால சொன்னது எதையும் நீங்க கோர்ட்ல சொல்ல வேண்டியதில்லை. நீங்களே ஆசைப்பட்டாலும் சொல்ல விடமாட்டாங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசிக்கிட்டது அவங்களோட. பழைய சட்டத்துலயும் அப்படித்தான், இப்ப வந்திருக்கிற புதுச் சட்டத்துலயும் அப்படித்தான். ஐயா சம்மதிச்சாத்தான் அது வெளியில வரும்."

"நான் பார்த்தது?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

முகுந்த் மேசையில் பேனாவை உருட்டினார். "அதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லைம்மா. காதைப் பூட்டிட்டாங்க, கண்ணைத் திறந்து விட்டுட்டாங்க. பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட்காததுக்கு வேண்டாம்."

"இவர் எங்கிட்ட சண்டை போட்டு, அது கோர்ட்டுக்கு வந்தா?"

"அப்ப வேற கதை. உங்க ரெண்டு பேருக்குள்ள கேஸ்னா எல்லாம் பேசலாம். இது அது இல்லை."

கோவிந்தராசு இதையெல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

மறுநாள் மத்தியானம் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

"அவன் அப்பவே போகலை ஈஸ்வரி."

அவள் கையில் கரண்டி நின்றுவிட்டது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சொன்னார். கரண்டை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தபோது வீரையன் வரப்பில் மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது, தண்ணீர் கேட்டான். வாய்க்கால் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. சாகப்போகிறவனுக்கு அதைக் கொடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் வீட்டுக்கு ஓடிவந்தார். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினார், குடித்தான். இரண்டு முழுங்கு உள்ளே போனது, மீதி மாரில் வழிந்தது.

"அப்பறம்?" என்று ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"அப்பறம் கம்பியைச் சுருட்டினேன்." அவர் மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். "போன் சட்டைப் பையிலதான் இருந்திச்சு. நூத்தியெட்டுக்கு அடிச்சிருக்கலாம். அடிச்சா யாரு கம்பின்னு கேப்பாங்களேன்னு முதல்ல கம்பியைச் சுருட்டினேன். நாலு பக்கமும் சுருட்டி முடிச்சுத் திரும்பிப் பார்க்கிறேன், அடங்கிட்டான்."

அன்றைக்கு அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை.

அதிலிருந்து அவர் தேறினார். முகத்தில் தெளிவு வந்தது, மறுபடி குறுவைக்கு நாற்று விட்டார். ஈஸ்வரி இளைத்தாள். அவர் இறக்கி வைத்ததை எல்லாம் அவள் தூக்கிக்கொண்டு நடந்தாள். கோயிலில் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். பூசாரியிடம் சொல்லலாமா என்று நினைத்து, வாய் வரை வந்தும் சொல்லாமல் திரும்பிவிட்டாள். அம்மனிடம்தான் சொன்னாள். அம்மனுக்குத் தெரியாததா, தெரிந்த இடத்தில் சொல்லி என்ன குறையப் போகிறது? அந்தச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கிப் பரணில் வைத்தாள். கோலத்துக்குப் பிளாஸ்டிக் வாளி.

ஒருநாள் அவரிடம் கேட்டாள். "ஏங்க, நீங்க சரின்னு சொன்னா நான் கோர்ட்ல சொல்லலாமாம். வக்கீல் சொன்னாருல்ல."

கோவிந்தராசு அவளையே பார்த்தார். கோபம் இல்லை. அடிபட்ட மாதிரி ஒரு பார்வை.

"அவங்க எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்க. போலீசு, வக்கீலு, நம்ம பொண்ணு. ஒருத்தர்கிட்டயும் நான் இதைச் சொல்லலை. உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன். அதையும் குடுத்துடச் சொல்றியா?"

அவர் கேட்டது நியாயம் போலவும் இருந்தது, அநியாயம் போலவும் இருந்தது.

வீரையன் மனைவி ராஜாத்தி தெற்குத் தெருவில் இருந்தாள். அவள் ஈஸ்வரியை ஒருநாளும் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் தேவலை. ரேஷன் கடை வரிசையில் பின்னால் வந்து நிற்பாள். ஆரம்பத்தில் ஒன்றும் பேசவில்லை. ஆடி மாதம் ஒருநாள், பை பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, டாக்டரு கரண்டுன்னா ஒடனே போயிடும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாரு."

ஈஸ்வரி திரும்பவில்லை.

"ஆனா சட்டையில மார்ல மட்டும் ஒரு கை அகலத்துக்கு நனைஞ்சிருந்திச்சு. பனின்னாங்க. பனி இப்படி ஒரே எடத்துல பெய்யுமாம்மா? தண்ணி கேட்டிருப்பாரோன்னு இருக்கு. தாகம் தாங்க மாட்டாரு. எங்க போனாலும் பாட்டில் எடுத்துக்கிட்டுத்தான் போவாரு, அன்னைக்கு மறந்துட்டாரு. நாந்தான் நெரப்பி வைக்கலை."

ஈஸ்வரி சீனியும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு முகுந்துக்கு அவளே போன் செய்தாள். கோர்ட்டுக்கு வெளியே ஒருத்தரிடம் சொல்லலாமா என்று கேட்டாள். சட்டம் கோர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறது, ரேஷன் கடையைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் நீங்கள் வெளியே விடுகிற ஒவ்வொரு வார்த்தையும் சுற்றிக்கொண்டு ஐயா கழுத்துக்குத்தான் வரும் என்றார். அப்புறம் ஈஸ்வரி ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

கார்த்திகையில் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். சாட்சியும் எதிரியும். அவர் ஜன்னலோரம் அவளை உட்காரச் சொன்னார், அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது.

கூண்டில் ஏறியதும் கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சொல்லச் சொன்னார்கள். அதை அவள் இரண்டு தரம் சொன்னாள். முதல் தரம் சொன்னது ஜட்ஜுக்குக் கேட்கவில்லை.

அரசு வக்கீல் ஒரு பெண். உங்கள் கணவர் அன்று காலை உங்களிடம் என்ன சொன்னார் என்று ஆரம்பித்தார். முகுந்த் எழுந்துவிட்டார். ஜட்ஜ் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். பிறகு ஈஸ்வரியிடம் நேராகப் பேசினார்.

"அம்மா, உங்க கணவர் உங்ககிட்ட சொன்னது எதுவும் இங்க வேண்டாம். அவர் சம்மதம் இல்லாம அதைக் கேட்கவும் கூடாது, எழுதவும் கூடாது. நீங்க கண்ணால பார்த்தது என்ன, அதை மட்டும் சொல்லுங்க."

சொல்லட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஈஸ்வரி எதிர்க்கூண்டைப் பார்த்தாள். கோவிந்தராசு கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

கம்பியைப் பார்த்ததைச் சொன்னாள். தோளில் போட்டுக்கொண்டு வந்ததை, டிரம்முக்குப் பின்னால் வைத்ததை. தாலியைப் பிடித்துக்கொண்டாள். டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ராஜாத்தி முந்தானையை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஏதாவது பார்த்தீங்களா?" அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முடிக்கிறதற்காகக் கேட்டதுதான்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார் முகுந்த். இதோ, கேட்டுவிட்டார்கள்.

"கம்பி கொண்டாறதுக்கு முன்னாடி ஒரு தரம் ஓடிவந்தாரு. எம் பக்கத்துல இருந்த சொம்புத் தண்ணியை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனாரு."

அரசு வக்கீல் நிமிர்ந்தார். "தண்ணீரா? யாருக்கு?"

"அது அவரு சொல்லித்தாம்மா எனக்குத் தெரியும்." ஈஸ்வரி ஜட்ஜைப் பார்த்தாள். "அதைச் சொல்லக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாங்க."

முகுந்த் பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்தார். ஜட்ஜ் மெதுவாகச் சொல்லி எழுதவைத்தார். சொம்பு, தண்ணீர், வயல் மூன்றும் ஏறின. யாருக்கு என்பது ஏறவில்லை. அதில்தான் அவள் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவசரமில்லை, மெதுவாக எழுதுங்கள் என்று கோர்ட்டுக்காரர் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் ராஜாத்தி காத்திருந்தாள். கோவிந்தராசு பையோடு ஈஸ்வரிக்குப் பின்னால் வந்தார். முகுந்த் வேகமாக வந்து, இங்கே ஒன்றும் பேச வேண்டாம், வாருங்கள் என்றார்.

ராஜாத்தி அந்த இரண்டு பேரையும் பார்க்கவில்லை. ஈஸ்வரியைத்தான் பார்த்தாள்.

"குடிச்சாராம்மா?"

குடித்தான் என்பது ஒரு சோற்றுவேளையில் கோவிந்தராசு ஈஸ்வரியிடம் சொன்னது. அவர் அவளுக்கு மட்டும் கொடுத்தது. அவர் இரண்டடி பின்னால் நிற்கிறார், அவர் மூச்சு கேட்கிறது. அவள் தனக்குச் சொந்தமானதைத் தேடிப் பார்த்தாள்.

"கொண்டுபோனப்ப சொம்பு தளும்பத் தளும்ப இருந்திச்சு ராஜாத்தி. திரும்பி வந்தப்ப பாதிதான் இருந்திச்சு. ரெண்டையும் நான் பார்த்தேன்."

ராஜாத்தி தலையை ஆட்டினாள். பிறகு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தாள். "பாதி குடிச்சிருக்காரு," என்றாள், யாரிடமோ சொல்வது போல. அழவில்லை. கூட வந்தவர்கள் வந்து தூக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போதும் ஒரே பஸ்தான். அவர் முன்னால் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார். ஜன்னலோரம் அவளாகவே உட்கார்ந்தாள். அய்யம்பேட்டை தாண்டும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேஸ் இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கோவிந்தராசு அன்றிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுக்கு உட்காருகிறார், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார், ஒரு தரம் போட்டதோடு கையைக் கழுவுகிறார். சட்டம் பூட்டி வைக்கிறதற்கு அவர் இனிமேல் ஒன்றும் தரப்போவதில்லை.

மறுபடி மார்கழி வந்துவிட்டது. சொம்பைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள். முதல் விளக்கை அவள்தான் ஏற்றுகிறாள். ராஜாத்தியும் ஒருநாள் கோயில் வாசல் வரை வந்து, எட்ட நின்று கும்பிட்டுவிட்டு, இவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தத் தலையசைப்பில் நன்றி இருந்தது. அதைத்தான் ஈஸ்வரியால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் ராஜாத்தி தண்ணீரைப் பற்றித்தான் கேட்டாள். போனைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. அதை ஈஸ்வரி கண்ணால் பார்க்கவும் இல்லை.

வயலுக்குப் போகும்போது அவர் இப்போதெல்லாம் போனை எடுத்துக்கொண்டு போவதில்லை. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். மகள் கூப்பிடுவாள், வக்கீல் கூப்பிடுவார். அது அடிக்கும்போது ஈஸ்வரி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அடித்து ஓயும்வரை நிற்கிறாள்.